பிச்சையாவின் கவிதையும் அடுக்களைக் குழாயும்

திருநெல்வேலிப் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு சாமி குடில் போட்டிருந்தார். சீடர்கள் நாலைந்து பேர்தான். அவர்களில் பிச்சையா சாமியைவிடவே பத்து வயது மூத்தவர். அதனால் சாமி அவரை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பிச்சையாவை ஞானமும் கவிதையும் சேர்ந்தே பிடித்துக்கொண்டன. ஞானத்தையாவது குடிலில் விட்டுவிட்டுப் போவார். கவிதை வீடுவரை போகும்.

ஒரு காலையில் முகம் தொங்கிப்போய் வந்தார்.

“சாமி, என் வீட்டுக்காரி உலகம்மா என்கூடப் பேசி நாலு நாளாச்சு. சோறு வைக்கா, காப்பி வைக்கா, வாயை மட்டும் திறக்க மாட்டேங்கா.”

“மதினிக்கு என்ன கோவம்?”

“தெரிஞ்சா நான் ஏன் இங்க வாரேன்? அவ மேல ஒரு கவிதை எழுதியிருக்கேன். வாசிச்சா மனசு இளகிரும். ஆனா அதுல என்னமோ குறையுது. நீங்கதான் சொல்லணும்.”

உலகம்மாவின் குரல் கேட்காத வீட்டில் பிச்சையாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அது பயம். அவர் அதைக் கவிதை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

வாசித்தார். நிலா வந்தது, முல்லை வந்தது, இரண்டு மான்கள் வந்து மேய்ந்துவிட்டுப் போயின. சாமி ஒரு கொட்டாவியை மென்று விழுங்கினார்.

“‘சொட்டிய துளி என் சொல்லைக் கலைத்தது; நீ வந்தாய், துளியும் மௌனமானது...’”

சாமி கையைத் தூக்கினார். “இது எந்தத் துளி?”

“அடுக்களைக் குழாய், சாமி. ஒழுகுதுன்னு பொங்கலுக்கே சொன்னா. நான் கவனிக்கல. அன்னைக்கு எழுத உக்காந்தா சொட்டுச் சொட்டுன்னு ஒரே சத்தம். அவளைத்தான் ஏசுனேன். மறுநாள் சத்தம் நின்னுபோச்சு.”

“எப்படி நின்னுச்சு?”

பிச்சையா விழித்தார். “கவிதைக்கு அது வேணுமா?”

“போய்ப் பாத்துட்டு வாங்க அண்ணாச்சி. குறையுறது அங்கதான் கிடக்கும்.”

போய்ப் பார்த்தார். குழாயின் மூக்கில் உலகம்மா தன் பழைய சேலைக் கிழிசலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். தண்ணீர் துணி வழியாகச் சத்தமில்லாமல் வாளிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வாளி நிறைய நிறைய அதைத் தூக்கி ஊற்றியதும் அவள்தான். பிச்சையா கவிதையை மடித்து இடுப்பில் செருகினார். கடைக்குப் போய் வாஷர் வாங்கி வந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், குழாயைத் திருகினார். முதலில் மாடித் தொட்டியின் வால்வை மூட வேண்டும் என்பதை எந்த ஞானியும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் தும்மிக்கொண்டே குடிலுக்கு வந்தார். முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

“பேசிட்டா, சாமி.”

“என்ன சொன்னாங்க?”

“‘இதுக்கு ஒழுகுனதே தேவலை. போய்த் தலையைத் துவட்டுங்க’ன்னா. பொறவு சிரிச்சுட்டா.”

“கவிதையை வாசிச்சீங்களா?”

பிச்சையா நெளிந்தார். “இடுப்புல இருந்தது நனைஞ்சு கூழாப் போச்சு. தண்ணி வேற பீச்சி அடிக்குது. அவதான் அதைப் பிடுங்கி ஓட்டையில திணிச்சா. நான் மேல அவளோட பழைய சேலைக் கிழிசலைச் சுத்திக் கட்டினேன்.”

“இப்ப ஒழுகுதா?”

“ஒரு சொட்டு இல்ல.”

“பிறகென்ன அண்ணாச்சி,” என்றார் சாமி. “நல்ல கவிதைதான்.”