மூட இலை இல்லாத போன்

கல்யாண மண்டப முதலாளி பிச்சையாவின் போன் எந்நேரமும் நூறு சதவீதத்தில் இருக்க வேண்டும். தொண்ணூற்றொன்பதைக் கண்டால் வசவு விழும். அதனால் பந்தி பரிமாறும் மாசானம் ராவும் பகலும் அதைச் சார்ஜிலேயே போட்டு வைத்தான். ஒருநாள் காலையில் பேட்டரி உப்பி, போனின் முதுகு பிளந்து கிடந்தது.

"நீதாண்டா கெடுத்தே! நான் சாப்பிட்டு எந்திரிக்கறதுக்குள்ள காரணத்தைச் சொல்லு. இல்லேன்னா வேலையும் கிடையாது, போலீசுக்கும் சொல்லிருவேன்."

கத்திவிட்டுப் பிச்சையா பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்தார். மாசானம் சோற்று வாளியை எடுத்தான். முதலாளி வயிறாரச் சாப்பிட்டு இலையை மூடினார். மாசானம் மூடிய இலையைத் திறந்து மறுபடி சோற்றைக் கொட்டினான்.

"என்னடா திமிரு? வயிறு வெடிச்சிரும்டா!"

"துளி குறையக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க முதலாளி?"

"அது போனுக்குடா!"

"அதுக்கும் இதே பாடுதான் முதலாளி. போதும்னு சொல்ல உங்களுக்காவது மூடறதுக்கு ஓர் இலை இருந்துச்சு."

பிச்சையா உப்பிய போனைப் பார்த்தார். தன் வயிற்றையும் பார்த்தார்.

"புதுப் போன் வந்ததும் எண்பதிலேயே ஒயரைப் பிடுங்கிரு," என்றார் கடைசியில். "இப்ப முதல்ல இந்தச் சோத்தை எடுடா."