திரைக்குப் பின்னால் மாப்பிள்ளை

நாடகக் கம்பெனி என்றால் ராஜா இருப்பார், மந்திரி இருப்பார், பபூன் இருப்பார். முட்டாள்கள் வேண்டுமென்றால் மேடைக்குப் பின்னால் போய்த்தான் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் மூன்று மாதம் கொட்டகை போட்டிருந்த கம்பெனியில் அப்படி மூன்று பேர் இருந்தார்கள். ஆண்டியப்பன், சங்கிலி, நாகு.

மூவருக்கும் ஒரே வேலை, திரை இழுப்பது. முதல் மணி அடித்தால் வாயில் இருக்கும் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரையைப் பிடிக்க வேண்டும். இரண்டாம் மணி அடித்தால் தூக்க வேண்டும். இதைப் பிழையில்லாமல் கற்றுக்கொள்ள அவர்களுக்கு நான்கு வருஷம் ஆயிற்று. அதற்குமேல் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. இருக்கிறதே மறந்துபோய்விடும் என்று ஆண்டியப்பனுக்குப் பயம்.

அந்தக் கம்பெனியில் கிருஷ்ணர் வேஷம் கட்டுகிறவர் நவநீதன். வயது முப்பத்தெட்டு. பதினொரு பெண் வீட்டார் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எட்டுப் பேர், கூத்தாடிக்குப் பெண் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். மற்ற மூவர் காரணம் சொல்லவில்லை. அவர் காதோரம் நீலமாக இருந்ததைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

பன்னிரண்டாவதாகக் கூத்தப்பாடி மணியக்காரர் சபாபதி தரகரை அனுப்பியிருந்தார். மகள் கோமதிக்கு மாப்பிள்ளை பார்க்கச் சனிக்கிழமை நாலு மணிக்கு வருகிறோம் என்று செய்தி. சனி என்றால் பகல் ஆட்டம் உண்டு. ஆட்டம் முடிந்து உடம்பெல்லாம் நீலமாக நவநீதன், திரைக்காரர்கள் மூவரும் பின்தொடர, வீட்டுக்கு ஓடிவந்தபோது மணி மூன்று ஆகியிருந்தது.

"இந்தத் தடவை ஒரு பொட்டு நீலம் இருக்கக் கூடாது. இதுவும் தட்டிப்போனா நான் காசிக்குப் போயிடுவேன்," என்றார்.

அவர் வாடகைக்கு இருந்த வீடு பினாங்கிலிருந்து திரும்பிவந்த ஒருவருடையது. அவர் கொல்லையில் ஒரு குளியலறை கட்டியிருந்தார். தலைக்குமேல் பூவாளி மாதிரி ஒரு ஷவர். கதவு கிடையாது. கதவுக்குப் பதிலாக மீன் படம் போட்ட பிளாஸ்டிக் திரை ஒன்று, கம்பியில் வளையம் மாட்டித் தொங்கியது. அந்தத் திரைக்கு ஒரு குணம் உண்டு. ஷவரைத் திறந்தால் மெதுவாக உள்ளே வரும். வந்து குளிக்கிறவர் முதுகில் ஒட்டிக்கொள்ளும். பிய்த்து எறிந்தால் வயிற்றில் ஒட்டிக்கொள்ளும்.

நவநீதன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே நின்று கூப்பிட்டார்.

"டேய் ஆண்டியப்பா! நீங்கதானேடா திரைக்காரங்க? நான் குளிச்சு முடிக்கிறவரைக்கும் இந்தத் திரை விரிச்சது விரிச்சபடி நிக்கணும். உங்க பொறுப்பு."

மூவரும் திரையைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"இது ஏன் உள்ளே போகுது?" என்றான் ஆண்டியப்பன்.

"அதுக்கும் அண்ணன் வேஷத்தைக் கிட்டப் பார்க்கணும்னு ஆசை இருக்காதா?" என்றான் நாகு.

"நம்ம மேடைத் திரை இப்படிப் போகுதா?"

"போகாது. அதுக்கு அடியில மூங்கில் கட்டியிருக்கு," என்றான் சங்கிலி.

வீட்டில் மூங்கில் இல்லை. உலக்கை இருந்தது. உலக்கையைத் திரையின் அடியில் கட்டினார்கள். நவநீதன் ஷவரைத் திறந்தார். திரை அசையவில்லை. மூவரும் ஒருவரையொருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு நேரம்தான். சுவரில் இருந்த ஆணி இரண்டும் பிடுங்கிக்கொண்டு கம்பி, திரை, உலக்கை எல்லாம் ஒன்றாக இறங்கின. உலக்கை நவநீதனின் வலது பாதத்தைத் தேர்ந்தெடுத்தது.

அவர் ஒற்றைக் காலில் நின்றார். அந்த நேரத்திலும் பார்க்கக் கிருஷ்ணர் மாதிரியே இருந்தார் என்று நாகு பிற்பாடு எல்லோரிடமும் சொன்னான்.

"உலக்கையை எடுத்து எறிங்கடா! கம்பியைக் கையில பிடிங்க!" என்று கத்தினார்.

ஆண்டியப்பன் ஒரு முனை, சங்கிலி மறுமுனை என்று கம்பியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள். நாகு கீழே குந்தித் திரையின் அடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான். இப்போது திரை நிஜமாகவே நகரவில்லை. நவநீதன் நிம்மதியாக மார்பு நீலத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

அப்போது தபால்காரர் வந்தார். வாசலில் நின்று சைக்கிள் மணியை ஒரு தடவை அடித்தார்.

மூவரும் வெற்றிலையைத் துப்பினார்கள்.

பதில் இல்லை என்று தபால்காரர் சந்து வழியாகக் கொல்லைக்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து இன்னொரு தடவை அடித்தார். நாகு திரையை அடியிலிருந்து சுருட்டிச் சரேலென்று மேலே தூக்கினான்.

உள்ளே பாதி நீலமும் பாதி நுரையுமாக நவநீதன் நின்றார். தபால்காரர் முப்பது வருஷம் தபால் கொடுத்தவர். எதற்கும் அசைய மாட்டார்.

"கார்டுதான் சார். கையெழுத்து வேண்டாம்," என்று நீட்டிவிட்டுப் போனார்.

கார்டு மணியக்காரர் எழுதியது. நாலு மணிக்கு நேரம் சரியில்லையாம், மூன்றரைக்கே வருகிறார்களாம். அப்போது மணி மூன்றேகால்.

"எவன்டா திரையைத் தூக்கினது?"

"மணி அடிச்சுதே அண்ணே," என்றான் நாகு.

"இனிமே மணி அடிச்சாலும் சரி, மத்தளம் அடிச்சாலும் சரி, நான் குளிச்சு முடிக்காம திரை தூக்கக் கூடாது! புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அண்ணே," என்றார்கள் மூவரும். அவர்களுக்கு ஒரு கட்டளை புரிந்துவிட்டால் அதன்பிறகு ஊரே திரண்டு வந்தாலும் மாற்ற முடியாது.

நவநீதன் தலை நிறையச் சீயக்காயை அப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் மூன்று பேர் இவ்வளவு கிட்டத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் எந்த மனுஷனுக்குக் குளிக்க வரும்? கண்ணைத் திறக்காமலே கத்தினார்.

"வெளியே போங்கடா எல்லாரும்! திரையை மட்டும் கையை விட்டுடாதீங்க!"

மூவரும் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கலந்து பேசினார்கள்.

"வெளியேன்னா எங்கே வெளியே?" என்றான் நாகு.

"குளியலறைக்கு வெளியே நாம ஏற்கெனவே நிக்கிறோம்," என்றான் சங்கிலி. "ஏற்கெனவே நிக்கிற இடத்துக்குப் போன்னு அண்ணன் சொல்லுவாரா?"

"சொல்ல மாட்டார். படிச்சவர்," என்றான் ஆண்டியப்பன். "அப்போ வீட்டுக்கு வெளியே."

"திரை?"

"கையை விடக் கூடாதுன்னாரே."

கம்பியை இறக்காமல், அடியை விடாமல், விரித்த திரையோடு மூவரும் சந்து வழியாக நடந்து தெருவுக்கு வந்தார்கள். வாசலுக்கு நேரே நடுத்தெருவில் வாகாக ஓர் இடம் பார்த்து, கைவிடாமல் நின்றார்கள். கொல்லையில் நவநீதன் கண்ணை மூடிக்கொண்டு, திரை இருக்கிற தைரியத்தில், பாட்டுப் பாடியபடி குளித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள், போட்ட துணியைப் போட்டபடி விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சரியாக மூன்றரைக்கு ஒரு வில்வண்டி வந்து நின்றது. மணியக்காரர் சபாபதி இறங்கினார். பின்னாலேயே தாம்பாளத்தில் வெற்றிலையும் வாழைப்பழமும் பூமாலையுமாக அவர் தங்கை செங்கமலம் இறங்கினாள்.

"மாப்பிள்ளை நவநீதன் வீடு இதுதானே?"

"இதுதாங்க," என்றான் ஆண்டியப்பன்.

"மாப்பிள்ளை எங்கே?"

"திரைக்குப் பின்னால குளிச்சுக்கிட்டிருக்காருங்க."

மணியக்காரர் சட்டென்று மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒரு சந்தேகம் வந்தது.

"தெருவிலயா குளிக்கிறார்?"

"அதான் திரை இருக்குங்களே."

"அதானே," என்றார் மணியக்காரர். இருபத்தைந்து வருஷம் மணியம் பார்த்தவர். எந்த விஷயத்திலும் ஒரு கேள்விக்குமேல் கேட்டதில்லை.

செங்கமலம் அண்ணன் காதில் சொன்னாள்: "பார்த்தீங்களா அண்ணே, குளிக்கத் திரை பிடிக்கவே மூணு ஆள். நம்ம கோமதி கொடுத்து வெச்சவ."

கொஞ்ச நேரம் நின்றார்கள். வெயில் சுட்டது, செங்கமலத்துக்குக் கால் கடுத்தது.

"திரையைக் கொஞ்சம் விலக்கினா பார்த்துட்டுக் கிளம்புவோம்."

"குளிச்சு முடிக்காம தூக்கக் கூடாதுன்னு உத்தரவு," என்றான் சங்கிலி.

"தண்ணிச் சத்தமே கேக்கலையே. முடிச்சிருப்பார்," என்றாள் அவள்.

மூவரும் காதைத் திரையில் வைத்துக் கேட்டார்கள். ஒரு சொட்டுச் சத்தம்கூட இல்லை.

"முடிச்சுட்டார்," என்று தீர்ப்புச் சொன்னான் ஆண்டியப்பன். நாகு திரையைச் சுருட்டி மேலே தூக்கினான்.

திரைக்குப் பின்னால் ஒரு கிடா ஆடு நின்றுகொண்டிருந்தது. எந்த வீட்டு ஆடோ, நிழலுக்கு ஒதுங்கியது.

யாரும் பேசவில்லை. ஆடும் பேசவில்லை.

"என்னடா இது?" என்று நாகு மெதுவாகக் கேட்டான்.

"வேஷம் மாத்தியிருக்கார்," என்றான் ஆண்டியப்பன்.

"எந்த நாடகத்துலடா ஆடு வருது?"

"புது நாடகமா இருக்கும். நமக்கு என்னைக்குச் சொல்லியிருக்காங்க?"

செங்கமலம்தான் முதலில் சுதாரித்தாள். "தாடி இருக்கும்னு தரகர் சொல்லவே இல்லையே," என்றாள்.

"எடுத்தாப் போச்சு," என்றார் மணியக்காரர். ஆட்டுக்கு முன்னால் வந்து நின்றார். "தம்பிக்குக் குடிப்பழக்கம் உண்டா?"

ஆடு அவரைப் பார்த்தது.

"சீட்டாட்டம்?"

ஆடு தலையைக் குனிந்துகொண்டது.

"மாமனாரை எதிர்த்துப் பேசுற வழக்கம்?"

ஆடு அடக்கமாக ஓரடி முன்னால் வந்து தாம்பாளத்தில் இருந்த வெற்றிலையைத் தின்ன ஆரம்பித்தது. மணியக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"செங்கமலம், இதுவரைக்கும் ஒன்பது மாப்பிள்ளை பார்த்தாச்சு. எல்லாரும் வாயாலதான் கெட்டாங்க. இந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசலை பாரு."

"தட்டை நம்ம கையிலிருந்து வாங்கிட்டாரே அண்ணே. அப்புறம் என்ன யோசனை?" என்று செங்கமலம் மாலையை எடுத்து ஆட்டின் கழுத்தில் போட்டாள். ஆடு அதையும் எட்டிய வரைக்கும் தின்றது. சம்பந்தம் முடிந்தது. திரைக்காரர்கள் மூவரும், கம்பியைப் பிடித்திருந்ததால் கைதட்ட முடியாமல், காலால் தரையைத் தட்டினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நவநீதன் வாசலுக்கு வந்தார். பட்டு ஜிப்பா, சரிகை வேட்டி, படிய வாரிய தலை. காதோரம்கூட ஒரு பொட்டு நீலம் இல்லை. அப்படி ஒரு வெளுப்பில் அவரை அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

"வாங்க வாங்க! நான்தான் நவநீதன்," என்று கும்பிட்டார்.

மணியக்காரர் சங்கடமாக நெளிந்தார்.

"கொஞ்சம் பிந்திட்டீங்களே தம்பி. தட்டு மாத்தியாச்சு. நான் ஒரு தடவை வாக்குக் கொடுத்தா கொடுத்ததுதான்."

"யாருக்குக் கொடுத்தீங்க?"

செங்கமலம் கை காட்டினாள். நவநீதன் ஆட்டைப் பார்த்தார். மணியக்காரரைப் பார்த்தார். மறுபடியும் ஆட்டைப் பார்த்தார்.

"அம்மா, அது ஆடு."

"நாங்க உருவத்தைப் பார்த்துப் பொண்ணு கொடுக்கிறவங்க இல்லை தம்பி. குணத்தைப் பார்க்கிறவங்க," என்றாள் செங்கமலம் கொஞ்சம் கோபமாக.

நவநீதன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டாவதும் போயிற்று. அவர் முகத்தைப் பார்க்க மணியக்காரருக்கே மனசு கேட்கவில்லை. கிட்டே வந்து தோளில் கை வைத்தார்.

"கோமதிக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கா. சிவகாமின்னு பேரு. உங்களைப் பார்த்தாலும் நல்ல பிள்ளையாத்தான் தெரியுது."

நவநீதன் தலையை நிமிர்த்தினார். முப்பத்தெட்டு வயது. காசி வெகுதூரம்.

"எனக்குச் சம்மதம்," என்றார்.

"ஆனா எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு," என்றார் மணியக்காரர். "மூத்த மாப்பிள்ளை சரின்னு சொல்லாம இளையவளைக் கொடுக்கிறதில்லை. நீங்களே ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

ஆண்டியப்பன் ஓடிவந்து அண்ணனைக் கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டான். சங்கிலி ஜிப்பாவைத் தட்டிவிட்டான். நாகு காதில், "பணிவாக் கேளுங்க அண்ணே, சாதுவாத்தான் தெரியுறார்," என்றான்.

நவநீதன் தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு ஜிப்பாவைச் சரிசெய்துகொண்டு ஆட்டின் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் கூப்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சகலை..." என்று ஆரம்பித்தார்.