இடது சக்கரம்

“உங்களுக்கு என்னைக் காட்டியும் அந்த அம்மணியத்தான் பிடிச்சிருக்குதுங்கக்கா” என்றார் சென்னியப்பன்.

அக்கா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

“எதுல கண்டீங்க?”

“எல்லாத்துலயும்தானுங்க. அவங்க பேசினாச் சிரிக்கறீங்க. நான் பேசினாத் தலையத் தலைய ஆட்டறீங்க. அவ்வளவுதான்.”

அக்கா தலையை ஆட்டினார். பிறகு உரித்த கடலையை அவர் கையில் வைத்தார்.

“காருல பிரேக் கிறீச்சு கிறீச்சுங்குதே, கேட்டீங்களா?”

அதுதான் பதில்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பு. நடுவில் தகரக் கொட்டகை. அங்கே அக்காவோடு சும்மா உட்கார்ந்திருக்கச் சிலர் வருவார்கள். அக்கா உபதேசம் எதுவும் செய்வதில்லை. அதனாலேயே கூட்டம் குறைவு.

சென்னியப்பன் அக்காவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அவரை அக்கா என்பார். அக்கா இவரை அண்ணா என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை.

மாசி பிறந்தால் அக்கா மலைக்குப் போவார். மேலே தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஆளில்லாத வீடு உண்டு. அங்கே ஒரு மாதம் வாய் திறக்காமல் இருப்பார். கூட ஒருவரைத்தான் அழைத்துப் போவார். அந்த ஒருவர் எப்போதும் சென்னியப்பன்தான். கார் ஓட்டுவதும் அவர், கஞ்சி காய்ச்சுவதும் அவர், அந்த மௌனத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் அவர். அதைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறொன்றும் கிடையாது.

ஆடி மாதத்தில் கோகிலவாணி வந்து சேர்ந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவள். சிரித்த முகம். கார் ஓட்டவும் தெரியும் என்று சொல்லித் தொலைத்தாள்.

அன்றிலிருந்து சென்னியப்பனுக்குப் பயம். பயம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பொறாமை.

தோப்பில் ஒரு வழக்கம் இருந்தது. எது கெட்டாலும் அங்கே உட்காருகிறவர்களே சரிசெய்ய வேண்டும். குழாய் ஒழுகினாலும் சரி, கார் கிறீச்சிட்டாலும் சரி. வெளியாள் கிடையாது.

மாசி பிறந்த அன்று அக்கா புது பிரேக் பேட்களைக் கொண்டுவந்து இருவர் முன்னும் வைத்தார்.

“அண்ணா, நீங்க வலது சக்கரம். கோகிலா இடது.”

“அவங்களுக்கு இதுல என்னங்க தெரியும்?”

“தெரியாததைக் கேட்டுக்குவா. நீங்கதான் பக்கத்துலயே இருக்கறீங்களே.”

பேட் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. சக்கரத்தைக் கழற்றி, மேலே கவ்வியிருக்கும் காலிப்பரைத் தூக்கி, தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. காலிப்பர் இரண்டு பின்களில், அதாவது விரல் நீள இரும்புக் கம்பிகளில், ஏறி நகர்வது. அந்தப் பின் துருப்பிடித்து ஜாம் ஆகிவிட்டால் காலிப்பர் நகராது. புது பேட் போட்டாலும் பாதிப் பிரேக்தான் பிடிக்கும்.

வலது சக்கரத்தில் பின் ஜாம் ஆகியிருந்தது.

சென்னியப்பன் பதறவில்லை. எண்ணெய் விட்டார். சுத்தியலால் செல்லமாகத் தட்டினார். இந்தப் பக்கம் ஒரு மயிரிழை திருப்பினார், அந்தப் பக்கம் ஒரு மயிரிழை. மறுபடி எண்ணெய் விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். பலத்தைக் காட்டினால் முறிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். பொறுமை என்றால் சென்னியப்பனிடம் கற்றுக்கொள்ள வேண்டும், இரும்பு விஷயத்தில் மட்டும்.

வெயில் ஏறிய பிறகு பின் அசைந்தது. இழுத்தால் வந்தது, தள்ளினால் போனது. துருவைத் தேய்த்துத் துடைத்துவிட்டு அவர் கிரீஸ் டப்பாவைத் திறந்தார்.

அப்போது காரின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“ஏனுங்கண்ணா, இந்தப் பின்னு அசைய மாட்டேங்குதுங்க. இது அசையோணுமுங்களா?”

சென்னியப்பன் எழுந்து போய்ப் பார்த்தார். அதே துரு. அதே ஜாம்.

அவள் முகத்தில் கரி. கையில் எண்ணெய். அந்தக் கோலத்திலும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அசையத் தேவையில்லீங்க அம்மணி” என்றார் அவர். “அது அப்பிடியேதான் இருக்கும். பேட்டை வெச்சு மாட்டிப்போடுங்க.”

“அப்பாடி! நீங்க சொல்லாட்டி பொழுது சாயற வரைக்கும் இதோட மல்லுக்கட்டியிருப்பேனுங்கண்ணா.”

திரும்பி வந்து உட்கார்ந்தார். திட்டம் கச்சிதமாக இருந்தது. அக்கா ஓட்டிப் பார்க்கச் சொல்வார். பிரேக் சொதப்பும். அம்மணியின் வேலை லட்சணம் சபைக்கு வரும். அப்புறம் தானே உட்கார்ந்து அதைச் சரிசெய்து நல்ல பேர் வாங்கிக்கொள்ளலாம்.

சற்று நேரத்தில் அக்கா வந்தார்.

“அட, கோகிலா அதுக்குள்ளயும் முடிச்சுட்டாளா!”

சென்னியப்பன் இன்னும் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். அந்த ‘அட’ அவருக்குப் பொறுக்கவில்லை. தான் சொன்ன பொய்யால்தான் அவள் முந்திக்கொண்டாள் என்பது அதைவிடப் பொறுக்கவில்லை.

அக்கா அவர் அருகில் குந்தினார்.

“ஏதாச்சும் கேட்டாளுங்களா?”

“கேட்டாங்க.”

“சொன்னீங்களா?”

“சொன்னேனுங்க.”

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். சென்னியப்பன் கிரீஸ் டப்பாவைப் பார்த்தார். அக்கா எழுந்து போய்விட்டார்.

சென்னியப்பன் வலது சக்கரத்தை மாட்டி முடிக்கும்போது அக்கா மறுபடி வந்தார், தோளில் துணிப்பையோடு.

“கிளம்பலாம். கோகிலா, நீ வண்டிய எடு. அண்ணா, இந்த வருசம் தோப்பை நீங்க பார்த்துக்குங்க.”

சென்னியப்பன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

“அக்கா… ஒருக்கா ஓட்டிப் பார்க்க வேண்டாமுங்களா?”

“நீங்க பக்கத்துல இருந்து பார்த்த வேலைதானுங்களே. அதுக்கு மேல என்ன பார்க்கறது?”

அக்கா ஏறி உட்கார்ந்தார். அவர் எப்போதும் உட்காரும் இடம். ஓட்டுகிற இடத்தில் கோகிலவாணி.

சரி, போகட்டும் என்று நினைத்தார் சென்னியப்பன். மனசு உடனே வக்கீலாகிவிட்டது. மலை ஏறும்போது பிரேக்குக்கு அப்படி என்ன வேலை? இறங்கும்போதுதானே? இறங்க ஒரு மாதம் கிடக்கிறது. அதற்குள் யாராவது பார்த்துவிட மாட்டார்களா?

கார் கிளம்பியது. கோகிலவாணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“அண்ணா, காலையிலிருந்து நீங்க ஒண்ணுமே சாப்பிடலீங்க. சோறு மூடி வெச்சிருக்கறேன். ஆறிப்போறதுக்குள்ள சாப்பிட்டுருங்க.”

கார் தோப்பின் வேலியைத் தாண்டியது. வாய்க்கால் மேட்டில் மெல்ல ஏறியது. அதற்கப்பால் தார் ரோடு. அதற்கப்பால் மலை.

சென்னியப்பன் குறுக்கே ஓடினார். ஒரு செருப்பு வரப்பில் கழன்று விழுந்தது. கத்திக்கொண்டே ஓடிப்போய்க் காருக்கு முன்னால் கைகளை விரித்து நின்றார். கோகிலவாணி பதறிப்போய் நிறுத்தினாள்.

“இறங்குங்கக்கா. வேண்டாமுங்க. இடது சக்கரத்துல பின்னு ஜாமாயிருக்குது.”

“அசையத் தேவையில்லைன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?” என்றாள் கோகிலவாணி.

“பொய் சொன்னேன் அம்மணி.”

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் அவளிடமிருந்து இத்தனை நாளாகப் பிடுங்க நினைத்தது அதைத்தான். இப்போது அதைப் பார்க்க முடியவில்லை.

அக்கா கோபப்படவில்லை. கதவைத் திறந்தார். இறங்கவில்லை. வழி கேட்பவர் போலக் கேட்டார்.

“இப்பிடியே மலைக்குப் போயி, வளைவுல பிரேக்கை அழுத்தினா என்னாகுமுங்கண்ணா?”

“வலது பிடிக்குமுங்க. இடது சரியாப் பிடிக்காது. வண்டி நேரா நிக்காம ஒரு பக்கமா இழுத்துட்டுப் போயிருமுங்க. பள்ளத்துல கொண்டுபோயி விட்டுரும்.”

“எந்தப் பக்கமா? கோளாறு இருக்கற பக்கமா?”

“இல்லீங்க. கெட்டியாப் பிடிக்கற பக்கமா.”

“அப்பிடின்னா?”

சென்னியப்பன் விரித்திருந்த கைகளை இறக்கினார்.

“வலது பக்கமா. என்ற பக்கமாத்தானுங்கக்கா.”