தொம்மை கீறிய சங்கு

தூத்துக்குடியில் ஒல்லாந்தர் ஆண்ட காலம். ஆமை, திருக்கை, நண்டு, சங்கு என்று நம் கடலில் உள்ள உயிர்களையெல்லாம் படமாக்கிப் புத்தகம் போட ஒரு துரை வந்து இறங்கியிருந்தார். செம்புத் தகட்டில் படம் கீறித் தருகிறவர் நல்லபெருமாள் ஆசாரி. அவருடைய சீடன் தொம்மைக்கு ஆசானைவிடப் பத்து வயசு கூடுதல். சங்கு குளித்துக் குளித்துக் காதுச் சவ்வு கிழிந்தபின் உளி பிடிக்க வந்த மனுஷன்.

ஒருநாள் காலை தொம்மை மூச்சிரைக்க ஓடிவந்தான். அவன் முதன்முதலாகத் தனியே கீறிய தகடு கையில் இருந்தது.

"ஆசானே, குடி கெட்டது!"

"முதல்ல உட்காருங்கண்ணே. என்ன ஆச்சு?"

"துரை இதுல மை தடவி அச்செடுத்தார். தாள்ல வலம்புரியா நிக்குது!"

ஆசானுக்குப் புரிந்துவிட்டது. தகட்டில் இருப்பது தாளில் இடம் வலமாக மாறித்தான் விழும். அதனால் எதையும் மாற்றியே கீற வேண்டும். முதல் நாளே சொன்ன பாடம். தொம்மையோ, கையிலிருந்த சாதாரண இடம்புரியை ஆசை ஆசையாகப் பார்த்து, பார்த்தபடியே கீறித் தொலைத்திருந்தான். லட்சத்தில் ஒன்று கிடைத்தாலே பெரிசு என்கிற வலம்புரியாக அது அச்சாகிவிட்டது.

"துரை என்ன சொன்னார்?"

"இந்தச் சங்கு எங்கே கிடைக்குதுன்னு கேட்டார். கடலடியில எங்க சங்குப் பாருல குவிஞ்சு கிடக்குது துரை, கண்ணால பார்த்தபடியே கீறினேன்னு பெருமையா சொல்லிட்டேன். தாளை அப்புறம்தான் பார்த்தேன், பாவி!"

"சரி. அப்புறம்?"

"அந்தப் பாருக்கு இன்னைக்கே வள்ளம் போகணும்னு உத்தரவு போட்டுட்டார். கடல் கொந்தளிச்சு மூணு நாளா ஒருத்தனும் இறங்கலை. முதல் வள்ளத்துல குளிக்கப் போறவன் என் தம்பி சந்தியாகு. போனா திரும்பமாட்டான் ஆசானே."

"அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

தொம்மை தகட்டின் ஓரத்தைத் தடவினான். அங்கே அவன் பெயர் இருந்தது. அதை மட்டும் மறக்காமல் மாற்றிக் கீறியிருந்தான்.

"சொன்னா தகட்டைத் தூக்கி எறிஞ்சிருவார். நாளைக்குக் கப்பல் கிளம்புது, புதுசா கீற நேரமில்லை. புத்தகத்துல என் பேர் வராது."

"அதனால?"

"தகடும் தப்பணும். தம்பியும் போகக்கூடாது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

ஆசான் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவசரமே படவில்லை.

"அருமையா வந்திருக்குண்ணே. இந்தப் புரியை என்னாலகூட இவ்வளவு சுத்தமாக் கீற முடியாது."

சொல்லிவிட்டு உளியை எடுத்தார். மூலைக்கு மூலை அழுத்தி ஒரு கோடு இழுத்தார். குறுக்கே இன்னொன்று.

தொம்மை அலறிவிட்டான். "ஐயோ! ஒன்றரை மாச வேலை! என் பேர்! நீங்க ஒரு ஆசானா? இனி எனக்குன்னு என்ன மிச்சம்?"

"உங்க தம்பி," என்றார் ஆசான். "வள்ளம் இன்னும் கரையிலதானே நிக்குது? துரைகிட்ட ஓடுங்க."