பொன்னலகி பூசிய சுவர்

மலைக்காட்டில் ஒரு பெரிய வெண்தேக்கு மரம். அதன் பொந்துக்குள் பொன்னலகி என்ற இருவாச்சிப் பறவை அடைந்து கிடந்தாள்.

இருவாச்சிகளின் வழக்கம் அப்படி. முட்டையிடும் காலம் வந்தால் பெண்பறவை பொந்துக்குள் புகுந்துகொள்ளும். மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலைப் பூசிவிடும். அலகு நீட்ட ஒரு கீறல் மட்டும்தான் மிச்சம். உள்ளே சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். அப்புறம் எங்கே பறப்பது? ஆண்பறவை பழம் கொண்டுவந்து ஊட்டினால்தான் உயிர்.

பொன்னலகியின் கணவன் கொம்பன் பழம் தேடிப் போனவன், திரும்பவே இல்லை.

ஒரு முட்டை பொரிந்து குஞ்சு வந்திருந்தது. இன்னொன்று அசையாமல் கிடந்தது. வெயில் கொளுத்தியது. பொந்து அடுப்பாய்க் கொதித்தது.

“கடவுளே, ஒரு மழை தாயேன்! பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடுதே!” என்று அழுதாள் பொன்னலகி.

மழை வரவில்லை. மரநாய்தான் வந்தது.

“தங்கச்சி! கருவாலன் அண்ணன் வந்திருக்கேன்!”

“போ அப்பால! உன் பல்லு எனக்குத் தெரியும்!”

“கோவிச்சுக்காதே தாயி. துக்கம் சொல்ல வந்தேன். உன் வீட்டுக்காரனைக் கழுகு அடிச்சிடுச்சு. இந்தா, அடையாளம்!”

கீறல் வழியாக ஒரு நீண்ட கறுப்பு இறகு உள்ளே விழுந்தது. பொன்னலகி அதை அலகால் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“இனி யாரு சோறு போடுவா? சுவரை உடைச்சுட்டு வா. ஓடையிலே தண்ணி இருக்கு.”

“கடவுள் பார்த்துக்குவாரு!”

“அடடா! மழை கேட்டியே, தந்தாரா? காது கேக்காத சாமிகிட்டே எத்தனை நாள் கத்துவே?”

அந்தப் பேச்சு முள்ளாய்த் தைத்தது. கேட்டும் மழை வராதது உண்மைதானே? பொன்னலகி அலகால் சுவரைக் கொத்தினாள். ஒரு சில்லு பெயர்ந்தது. வெளியே மரநாய் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது.

குஞ்சு அவள் வயிற்றுக்கடியில் நுழைந்து நடுங்கியது. கொத்திய அலகு நின்றது.

‘இந்தச் சுவரைப் பூச எனக்கு யார் கத்துக்கொடுத்தா? அம்மாவும் சொல்லலை, அப்பனும் சொல்லலை. பூச வைச்சவனுக்கு என் பசி தெரியாமலா போகும்? ஏன் பேசாம இருக்கான்னுதான் எனக்குப் புரியலை. புரியாட்டியும் அவன் என் அப்பன்தான்!’

பெயர்ந்த சில்லை எடுத்து, தன் எச்சத்தைக் குழைத்து, அதே இடத்தில் அப்பினாள்.

“நான் வரலை!”

மரநாய்க்கு ஆத்திரம் வந்துவிட்டது. பாய்ந்து சுவரைப் பிறாண்டியது. கடித்தது. பொந்தே அதிர்ந்தது. பொன்னலகி குஞ்சை மூடிக்கொண்டு கண்ணை இறுக்கினாள். “கடவுளே! கடவுளே!” என்று கத்தினாள்.

சுவரோ, அத்தனை நாள் வெயிலில் காய்ந்து கல்லாகியிருந்தது. மரநாயின் நகம்தான் ஒடிந்தது.

“ஒரு மழை பெய்ஞ்சிருந்தா இந்தச் சுவரு கூழாப் போயிருக்குமே!” என்று புலம்பிக்கொண்டே இறங்கிப் போனது.

பொன்னலகி திகைத்துப்போனாள். அவள் அழுது அழுது கேட்ட மழை அல்லவா அது!

மறுநாள் விடிந்ததும் கீறலில் ஓர் அத்திப்பழம் எட்டிப் பார்த்தது. பின்னாலேயே கொம்பனின் அலகு!

“மலைக்கு அந்தப் பக்கம்தான் பழம் இருந்துச்சு புள்ளே. இளைச்சுப் போயிட்டியே!”

“நீங்க செத்துட்டதா இந்த இறகைக் காட்டினானே அந்தப் பாவி!”

“அடி பைத்தியமே! உள்ளே போனதும் நீ உதிர்த்து வெளியே தள்ளினியே, அந்த இறகுதான் இது!”

குஞ்சுக்குச் சிறகு முளைத்து, தாய்க்கும் உதிர்ந்த சிறகு திரும்ப வளர்ந்த பிறகுதான் மழை கொட்டியது. ஊறிய சுவரை நாலு கொத்தில் உடைத்துத் தாயும் பிள்ளையும் வெளியே வந்தார்கள்.

அந்த இன்னொரு முட்டை மட்டும் பொரியவே இல்லை. ஏன் என்று பொன்னலகி கடவுளைக் கேட்டாள். பதில் வரவில்லை. அழுதாள். பிறகு குஞ்சைக் கூட்டிக்கொண்டு பழம் தேடப் பறந்தாள்.

கடவுள் ஏன் பேசாமல் இருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் பயம் சொல்கிறதே என்று அவர் கட்டிய காவலை நம் கையால் உடைத்துவிடக் கூடாது.