ஆறாவது குளம்

இருதயராஜ் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். பத்தொன்பது வருடமாகக் கேள்வி கேட்டே பிள்ளைகளை நடுங்க வைத்தவர். நாற்பத்தாறு வயதில் இப்போது அவருடைய முறை. மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவருடைய பிஎச்.டி. செமினார்.

அவருடைய வழிகாட்டி மெஹருன்னிசா மேடத்துக்கு முப்பத்தேழு வயது. இவர் அவரை 'மேடம்' என்பார். அவர் இவரை 'சார்' என்பார். மேடத்தின் அறைக்குக் காலை பத்து மணிக்குள் தேநீர் மூன்று முறை வந்தது. இவர் மூன்றையும் நின்றுகொண்டே குடித்தார்.

"உட்காருங்க, சார்."

"உட்கார்ந்தா மறந்துடும், மேடம்."

"எத்தனை தடவை ஒத்திகை பார்த்தீங்க?"

"நாற்பத்திமூணு. நேத்து எம்பொண்ணு சாப்பிட்டுக்கிட்டே நாலாவது ஸ்லைடைச் சொல்லுறா. 'அப்பா, எனக்கு முன்னாடி படிச்சு முடிச்சிருவீங்களா'ன்னு வேற கேக்குறா."

முடித்தே ஆக வேண்டும். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. செமினார் தேறாவிட்டால் பிஎச்.டி. பதிவே மார்ச்சோடு காலாவதி. ஐந்து மழைக்காலம் குளத்தோரம் கொசுக்கடியில் உட்கார்ந்ததெல்லாம் வீண்.

வண்டிச் சத்தம் கேட்டால் தவளைகள் கத்துவதை நிறுத்துகின்றன என்பது அவர் கண்டது. ஐந்து குளம், ஐந்திலும் அதே முடிவு.

"வெளியிலேருந்து வர்ற தேர்வாளர் ஞானமுத்து சார்தான் பயமா இருக்கு, மேடம்." இருதயராஜ் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் குரலில் இழுத்தார். "'ஆங்ங்... அப்படின்னு யாரு சொன்னா?' இப்படித்தான் கேட்பாராம். போன வருஷம் ஒருத்தர் அதோட வெளியே போனவர், திரும்பவே இல்லையாம். காலையில ஷேவ் பண்ணிக்கிட்டே கண்ணாடி முன்னாடி அந்தக் குரல்ல என்னையே கேட்டுப் பார்த்தேன். கன்னத்தைக் கிழிச்சுக்கிட்டேன்."

கன்னத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. மேடம் சிரிக்கவில்லை.

"கேள்விக்கு ஆள் சொல்லி வச்சிருக்கீங்களா?"

அந்தத் துறையில் அது வழக்கம். கூடப் படிக்கிறவர்களிடம் கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் சமோசா வந்துவிடும்.

"முதல்ல லீமா. மைக்கை எவ்வளவு உயரத்துல வச்சீங்கன்னு. ரெண்டாவது பூபதி. ஏன் மழை மாசத்துல மட்டும்னு." இருதயராஜ் குரலைத் தாழ்த்தினார். "ஆனா பதில் தெரியாத கேள்வி ஒண்ணு வந்துட்டா என்ன செய்றது, மேடம்?"

மேடம் ஒரு துண்டுத் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

"அதை எழுதுங்க."

இருதயராஜ் உடனே எழுதினார். மேடம் படிக்காமலே அதை நாலாக மடித்தார்.

"சட்டைப் பையில வச்சுக்கோங்க. நாளைக்கும் இதே சட்டை."

மறுநாள் மின்விசிறி உட்பட எல்லாம் சரியாக ஓடியது. ஞானமுத்து முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறாரா, கேட்கிறாரா என்று அவர் மனைவிக்கே தெரியாதாம். முப்பத்திரண்டு ஸ்லைடும் முடிந்தன. கைதட்டினார்கள்.

"கேள்விகள்?" என்றார் மேடம்.

லீமா எழுவதற்குள் பூபதி எழுந்துவிட்டான். ஆய்வகத்தில் அடுப்பை அணைக்காமல் வந்திருந்தான், பாவம். மூச்சுவிடாமல் கேட்டான். "சார், ஏன் ஐப்பசி கார்த்திகையில மட்டும் பதிவு செஞ்சீங்க?"

இருதயராஜுக்குக் காது அடைத்திருந்தது. யாரோ எழுந்தது தெரிந்தது. வாய் திறந்தது தெரிந்தது. முதல் பதில் தானாகக் கிளம்பியது.

"நல்ல கேள்வி. தரையிலிருந்து சரியாக இரண்டு அடி உயரத்தில்."

அரங்கம் ஒரு கணம் யோசித்தது. பிறகு பின்வரிசை வெடித்தது.

லீமா சொன்ன சொல் தவறாதவள். சீட்டைப் பார்த்தபடியே எழுந்தாள். "சார், மைக்கை எவ்வளவு உயரத்துல வச்சீங்க?"

இப்போது முன்வரிசையும் சிரித்தது. ஞானமுத்து கண்ணைத் திறந்தார்.

"ஆங்ங்... பதிலெல்லாம் முதல்லயே சொல்லிடுங்க. கேள்வியை நாங்க சாவகாசமாக் கேட்டுக்கிறோம்."

இருதயராஜ் மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். மார்ச் மாதம் கண்முன் வந்து நின்றது. மகளும் வந்தாள், சாப்பிட்டுக்கொண்டே.

"சரி," என்றார் ஞானமுத்து. "யாரும் எழுதிக் கொடுக்காத கேள்வி ஏதாவது இருக்கா, இந்த ரூம்ல?"

இருதயராஜ் மேடத்தைப் பார்த்தார். மேடம் சமோசாத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருதயராஜ் சட்டைப் பைக்குள் கையை விட்டார். சீட்டு வியர்வையில் நைந்திருந்தது. பிரித்தார். தன் கையெழுத்தையே முதல்முறை பார்ப்பதுபோல் படித்தார்.

"ஆறாவது குளம் எங்கே?"

"யாரு கேக்குறா?" என்றார் ஞானமுத்து.

"நான்தான், சார். ஆறு குளத்துல பதிவு பண்ணேன். அஞ்சைத்தான் காட்டினேன். ஆறாவது கருவேலங்குளம். அங்க வண்டி போனா தவளை நிறுத்தலை. முன்னைவிடப் பலமாக் கத்துச்சு. மைக் கோளாறுன்னு நினைச்சு வேற மைக் வச்சேன். அப்பவும் கத்துச்சு. அங்க உட்கார்ந்த மூணு வருஷமும் அப்படித்தான். என் முடிவோட அது ஒத்துவரலை. ஏன்னு தெரியலை. எடுத்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

ஞானமுத்து நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

"என்ன தவளை?"

"அஞ்சுலயும் இருக்கிற அதே தவளைதான், சார்."

"குளத்துக்கும் ரோட்டுக்கும் எவ்வளவு தூரம்?"

"நாற்பது அடி. நடுவுல ஒரு செங்கல் சுவர் இருக்கு."

"சுவரா? எந்தப் பக்கம்? இங்க வாங்க, வரைஞ்சு காட்டுங்க."

சமோசா ஆறிப்போனது. மேடம் இரண்டு முறை கடிகாரத்தைக் காட்டினார். ஞானமுத்து அதைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, முடிவை மூக்காலேயே சொன்னார்.

"இது தேறலை. அந்தக் குளத்துல இன்னொரு மழைக்காலம் உட்காருங்க. சுவர் மறைக்கிற இடத்துல, மறைக்காத இடத்துல, ரெண்டும் வேணும். நீட்டிப்புக்கு நான் எழுதித் தர்றேன். கொடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது." வாசலில் நின்று திரும்பினார். "முதல் பதிவு பண்ற அன்னிக்கு எனக்குப் போன் பண்ணுங்க. நானும் வர்றேன்."

அரங்கம் காலியானது. இருதயராஜ் காலையிலிருந்து முதல்முறையாக உட்கார்ந்தார்.

"தேறலை, மேடம்."

"ஆமா, சார்."

"மகள் முதல்ல முடிச்சிருவா."

"முடிக்கட்டும்."

மேடம் ஆறிய சமோசா ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினார். இருதயராஜ் அதைத் தொடவில்லை. சீட்டை மறுபடி நாலாக மடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இதைப் படிக்கவே இல்லை. நான் எதையோ மறைக்கிறேன்னு எப்படித் தெரிஞ்சது, மேடம்?"

"பதில் தெரியாத கேள்வியை எழுதச் சொன்னேன். நீங்க யோசிக்கவே இல்லையே, சார்."