அழாத குட்டிகளின் பள்ளி

புள்ளிமான் மஞ்சரிக்குத் தன் குட்டி பொட்டுவை நினைத்து ஒரே கவலை. கோடையில் அடிவாரத்துப் புல்லெல்லாம் கருகிவிட்டது. மேய வேண்டுமென்றால் மலைச்சரிவில் ஏற வேண்டும். பொட்டுவின் கால்களுக்கோ இன்னும் பாறை பழகவில்லை. பகலில் அவளை யாரிடம் விடுவது?

முதலில் குளத்தங்கரைக்குப் போனாள். அங்கே காட்டுப்பன்றி மூக்காயி குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டிகள் அவள் மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தன என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். எங்கும் சேறு, கூச்சல். ஒரு முயல்குட்டி வீறிட்டு அழுதது.

"விட்டுட்டுப் போ தாயி! நான் பாத்துக்கிறேன்!" என்று சொல்லிக்கொண்டே மூக்காயி அந்த முயலிடம் ஓடினாள்.

"யோசிச்சுச் சொல்றேன் அக்கா" என்றாள் மஞ்சரி, முகத்தைச் சுளித்துக்கொண்டு. 'இந்தச் சேற்றிலா என் பிள்ளை!'

ஆலமரத்தடியில் மயில் வாத்தியாரின் பள்ளி இருந்தது. என்ன ஒழுங்கு! குட்டிகளெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"நம்ம பள்ளியிலே எந்தக் குட்டியும் அழாதும்மா!" என்று மயில் தோகையை விரித்தது.

மஞ்சரிக்கு மனம் குளிர்ந்தது. ஏன் அழுவதில்லை என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

முதல் நாள் பொட்டு கதறினாள். சில நாளில் அழுகை நின்றுவிட்டது. "சமத்துக் குட்டி!" என்று தாய் மெச்சிக்கொண்டாள்.

ஒரு நாள் மாலை பொட்டுவை வரிசையில் காணோம். மஞ்சரி பதறித் தேடினாள். ஆலமரத்தின் பின்னால், வேர் இடுக்கில் கால் சிக்கிக் குட்டி கிடந்தது. தோல் உரிந்த இடத்தில் எறும்பு மொய்த்தது.

"எப்போ மாட்டிக்கிட்டே கண்ணு?"

"காலையிலே."

"ஏன்டி கத்தலை?"

"அழுதா வாத்தியார் முதுகைத் திருப்பிக்குவார். யாரும் வர மாட்டாங்கம்மா."

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அங்கே அழுத பிள்ளைக்கு முதுகுதான் கிடைத்திருக்கிறது. தாய் காலை விடுவித்து எறும்பை நக்கி எடுத்தாள். "என்கிட்டயாவது அழுடி!" என்று கெஞ்சினாள். பொட்டு அழவில்லை. அவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

மறுநாள் மஞ்சரி தலைகுனிந்து குளத்தங்கரையில் நின்றாள். மூக்காயி ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. "குட்டியை இப்படி விடு தாயி" என்றாள், அவ்வளவுதான்.

பல நாள் பொட்டு நொண்டிக்கொண்டு ஓரமாகவே நின்றாள். பிறகு ஒரு நண்பகலில், சரிவில் மேய்ந்துகொண்டிருந்த மஞ்சரியின் காதில் பொட்டுவின் வீறல் விழுந்தது. விழுந்தடித்து இறங்கி வந்தாள். ஒரு பன்றிக்குட்டி புண்காலை மிதித்துவிட்டதாம். அதற்குள் மூக்காயி சேறு தெறிக்க ஓடிவந்து பொட்டுவைத் தன் வயிற்றோடு அணைத்திருந்தாள். பொட்டு, அத்தனை நாள் அழுகையையும் சேர்த்து, ஓவென்று அழுதுகொண்டிருந்தாள்.

மஞ்சரி புதர் மறைவில் நின்று தானும் அழுதாள். அவள் வாழ்க்கையில் அதைவிட இனிய சத்தத்தைக் கேட்டதில்லை.

பிள்ளையை விட இடம் தேடுகிறவர், அது அழுதால் ஓடிவர அங்கே ஆள் உண்டா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.